மாத்திரைப் பையைக் கொட்டிப் பாருங்கள்: வீட்டில் மருந்து கொடுப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டெல்டாவில் வயதானவர் இருக்கும் ஒரு வீட்டுக்கு மாத்திரை மூன்று வழியாக வருகிறது. பிபி, சுகர் மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வரும். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிய பிறகு பல ஊர்களில் வாசலுக்கே வந்துவிடுகிறது. மூச்சு வாங்குது, படபடப்பா வருது என்று கும்பகோணத்திலோ தஞ்சாவூரிலோ ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்த்துவிட்டு வந்தால் அவர் எழுதியது இன்னொரு கவர். நடவு முடிந்த சாயங்காலம் இடுப்பு வலிக்குக் கடைத்தெருவில் வாங்கிய 'செட்', அதாவது கடைக்காரரே பல மாத்திரையை ஒரே கவரில் சேர்த்துத் தருவது, மூன்றாவது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் அவரவர் கொடுத்தது மட்டும்தான் தெரியும். மூன்றையும் ஒருசேரப் பார்த்த ஆள் யாரும் கிடையாது.

மருந்துக்கடைக் கவுண்ட்டருக்குள் நின்று பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் நடக்கும் மருந்துத் தவறுகளில் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. அதனால் மகளோ மருமகளோ காலேஜ் படிக்கும் பேரனோ, வீட்டில் யாராவது ஒருவர் அந்தப் பைக்குப் பொறுப்பாக வேண்டும். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சந்தேகத்தைக் குறித்துக்கொண்டு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ போய்க் கேளுங்கள்.

1. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கொட்டுங்கள்

ஒரு மத்தியான வேளையில் பாயை விரித்து, வீட்டில் இருக்கிற அத்தனை மருந்தையும் அதில் கொட்டுங்கள். மஞ்சப்பையில் இருப்பதோடு கணக்கு முடிந்துவிடாது. தலையணைக்கு அடியில், சாமி மாடத்தில், ஃபிரிட்ஜ் மேல், வெற்றிலைப் பெட்டிக்குள், இடுப்புச் சுருக்குப் பையில் எல்லாம் மாத்திரை இருக்கும். சொட்டு மருந்து, தைலம், லேகியம், சூரணம் எதையும் விடாதீர்கள்.

கொட்டியதை நான்கு குவியலாகப் பிரியுங்கள். இப்போது சாப்பிடுவது, டாக்டர் நிறுத்தச் சொன்னது, காலாவதியானது, பெயரே தெரியாதது. கடைசிக் குவியல்தான் எப்போதும் பெரிதாக இருக்கும். பட்டையிலிருந்து பிதுக்கி எடுத்துக் காகிதக் கவரில் போட்ட உதிரி மாத்திரைகள் அவை. நிறத்தையும் வடிவத்தையும் வைத்து 'இது பிபி மாத்திரைதான்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அரசு மருத்துவமனைகளுக்கான மருந்தை 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் விட்டு வாங்குகிறது. டெண்டர் எடுக்கும் கம்பெனி மாறினால் அதே மருந்து இந்த மாதம் வெள்ளை, அடுத்த மாதம் ரோஸ். பெயர் தெரியாததைத் தூக்கிப்போட மனசு வராது, தெரியும். ஆனாலும் தூக்கிப்போட்டுவிடுங்கள்.

அப்படிக் கொட்டிப் பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு பாட்டியும் பேரனும் வந்திருந்தார்கள். இரண்டு காலும் கணுக்காலுக்கு மேல் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே குழியாக நின்றது. வீக்கத்துக்கு மருந்து கேட்டார்கள். பையை வாங்கிக் கண்ணாடி மேல் பரப்பினேன். பிபிக்கு அரசு கொடுத்த அம்லோடிபின் 5 ஒரு பட்டை. பக்கத்திலேயே டெல்மா-ஏஎம், தனியார் டாக்டர் எழுதியது. அதற்குள்ளும் அம்லோடிபின் இருக்கிறது.

“ஆயி, இது ரெண்டுலயும் ஒரே மருந்து இருக்கு.”

“அது எப்புடி தம்பி ஒண்ணாவும்? இது கவருமெண்டு, அது கும்பகோணத்து டாக்டரு குடுத்தது.”

அவர் கணக்கில் அது நியாயம்தான். பட்டை வேறு, பெயர் வேறு, கொடுத்த கை வேறு. அம்லோடிபினுக்குக் கால் வீக்கம் தெரிந்த பக்கவிளைவு. அளவு கூடக்கூட அதுவும் கூடும். வீக்கத்துக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு பட்டையையும் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, 'இரண்டிலும் அம்லோடிபின்' என்று ஒரு சீட்டில் எழுதி, பேரனிடம் கொடுத்து அதே டாக்டரிடம் அனுப்பினேன். கொட்டிப் பார்க்காமல் இருந்திருந்தால் வீக்கத்துக்கு என்று ஒரு நீர் மாத்திரை சேர்ந்திருக்கும். அதனால் வரும் தலைச்சுற்றலுக்கு இன்னொன்று. மாத்திரை குட்டி போடுவது இப்படித்தான்.

2. பட்டையைப் படியுங்கள்

பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதோடு சேர்த்து இருப்பது மருந்தின் மூலப்பெயர். நீங்கள் படிக்க வேண்டியது அதைத்தான். ஸ்டாம்லோ, ஆம்லாங் இரண்டும் அம்லோடிபின். டோலோ, கால்பால், குரோசின் எல்லாம் பாராசிட்டமால். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சவரம்பு. உடம்பு மெலிந்தவர், கல்லீரல் பழுதானவர், தினமும் குடிப்பவர் என்றால் அதைவிடக் குறைவு. டோலோ 650 மூன்று வேளை, சளி மாத்திரை மூன்று வேளை, நடுவில் ஒரு 'செட்' என்று போனால் எல்லையை நெருங்குவது தெரியவே தெரியாது.

பெயருக்குப் பின்னால் வரும் வாலைக் கவனியுங்கள். டெல்மா 40 என்றால் டெல்மிசார்ட்டான் மட்டும். எச் சேர்ந்தால் கூடவே நீர் பிரிக்கும் மருந்து. ஏஎம் சேர்ந்தால் அம்லோடிபின். எஸ்ஆர், எக்ஸ்எல், இஆர் என்று இருந்தால் மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை. ஒரு எழுத்துதானே என்று விட்டுவிட்டால் மருந்தே வேறாகிவிடும்.

பட்டையில் சிவப்புக் கோடு ஓடினால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாத மருந்து. ஆண்டிபயாடிக்குகளை மனதில் வைத்து 2016-ல் இந்தச் சிவப்புக் கோடு பிரச்சாரத்தை மத்திய அரசு நடத்தியது. அதிகம் விற்கும் 300 பிராண்டுகளில் 2023 ஆகஸ்ட் முதல் க்யூஆர் கோடு கட்டாயம். போனில் காட்டினால் மூலப்பெயர், பேட்ச் எண், காலாவதி எல்லாம் வரும். காலாவதி மாதம் 06/2026 என்று இருந்தால் ஜூன் கடைசி நாள் வரை சாப்பிடலாம் என்று பொருள். பட்டையைக் கத்தரித்துத் தரும்போது இந்தத் தேதிதான் முதலில் காணாமல் போகும். தேதி இருக்கும் பக்கமாகப் பார்த்துக் கேட்டு வாங்குங்கள், பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் கடையில் வாங்காதீர்கள்.

3. ஒரே தாள், ஒரே பட்டியல்

கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் போதும். மேலே நோயாளி பெயர், வயது, எடை, ஒத்துக்கொள்ளாத மருந்து. 'பென்சிலின் ஊசி ஒத்துக்காது' என்பது மாதிரி விஷயத்தைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அப்புறம் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு வரி: மூலப்பெயர், எத்தனை மில்லிகிராம், எதற்காக, எந்த வேளை, எழுதியது யார், எப்போது தொடங்கியது. 'எதற்காக' என்ற இடம் காலியாக நின்றால் அதுதான் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நாட்டு மருந்தையும் இதில் எழுத வேண்டும். 'இங்கிலீஷ் மருந்துக் கணக்கில் அது எதுக்கு' என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வறட்டு இருமலுக்கு அதிமதுரம் வாயில் அடக்கிக்கொள்வது நம் பக்கத்தில் சாதாரணம். தொடர்ந்து நாள்கணக்கில் எடுத்தால் அதிமதுரம் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். பிபிக்கு மாத்திரை சாப்பிட்டும் ஏன் குறையவில்லை என்று டாக்டர் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார். இருமல் கதையை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். மூட்டுவலிக்கு என்று லேபிள் இல்லாத டப்பாவில் தரும் பொடி இரண்டே நாளில் வலியை அடியோடு எடுத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அப்படிப் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது உண்டு. முகம் உப்பும், சுகர் எகிறும்.

எழுதிய பட்டியலைப் போட்டோ எடுத்து வீட்டுக் குரூப்பில் போடுங்கள். சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் மகன் வீடியோ காலில் 'அந்த மாத்திரையை நிறுத்தும்மா' என்று சொல்வதற்கு முன்னால் அவரும் இந்தப் பட்டியலைப் பார்க்கட்டும். மருந்து மாறும் அன்றைக்கே பழைய வரியை அடித்துவிட்டுத் தேதி போட்டு எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்த்து வீட்டுக்கு வந்த நாள்தான் இதில் அபாயமான நாள். டிஸ்சார்ஜ் சீட்டையும் பழைய பட்டியலையும் பக்கத்தில் வைத்து, எது புதுசு, எது நிறுத்தியது, எது அளவு மாறியது என்று வார்டிலேயே நர்ஸிடம் கேட்டு டிக் அடித்துக்கொண்டு கிளம்புங்கள். பஸ் பிடிக்கிற அவசரத்தில் இதை விட்டால் பழைய மாத்திரையும் புது மாத்திரையும் சேர்ந்தே ஓடும்.

4. சீட்டும் கடையும்

1-0-1 என்றால் காலை, இரவு. மத்தியானம் இல்லை. ஓடி என்றால் நாளுக்கு ஒரு தடவை, பிடி இரண்டு தடவை, டிடிஎஸ் மூன்று தடவை, எச்எஸ் படுக்கும்போது, எஸ்ஓஎஸ் தேவைப்பட்டால் மட்டும். எஸ்ஓஎஸ் மாத்திரையை மூன்று வேளையும் விழுங்குபவர்கள் நிறைய. மூலப்பெயரைத் தெளிவாக, முடிந்தால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-லேயே மருத்துவர்களுக்கான விதி வந்துவிட்டது. அதனால் 'புரியலங்க, கொஞ்சம் சொல்லுங்க' என்று டாக்டரைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கடையில் 'அந்தக் கம்பெனி இல்லை, வேற தரேன்' என்றால் வாங்கலாம். மூன்று பொருந்த வேண்டும்: மூலப்பெயர், மில்லிகிராம், அந்த எஸ்ஆர், எக்ஸ்எல் வால். மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் திறந்த முதல்வர் மருந்தகங்களிலும் விலை குறைவாகக் கிடைப்பதற்கும் இதே சோதனைதான். வலிப்பு மாத்திரை, தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை இவற்றை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கம்பெனி மாற்ற வேண்டாம்.

'செட்' விஷயத்தில் என் கருத்து ஒன்றுதான்: வேண்டாம். என்ன என்ன இருக்கிறது என்று கவரில் எழுதித் தருவதில்லை. பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் போன்ற ஒரு வலி மாத்திரை இருக்கும், சிலசமயம் ஸ்டீராய்டும் இருக்கும். பிபிக்கு டெல்மிசார்ட்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுபவர், நாள் முழுக்க வெயிலில் வியர்வை சிந்திவிட்டு, தண்ணீரும் சரியாகக் குடிக்காமல் ராத்திரி வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகத்துக்கு மூன்று பக்கமும் அடி. நடவு சீசனில் இது கற்பனை இல்லை.

வாரம் ஒரு முறை மட்டும் சாப்பிட வேண்டிய மாத்திரை ஒன்று உண்டு, மெத்தோட்ரெக்ஸேட். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் தருவார்கள். இதைத் தினமும் சாப்பிட்டு உயிரே போயிருக்கிறது. இந்த மாத்திரை வீட்டில் இருந்தால் கிழமையைப் பட்டையின் மேலேயே தமிழில் எழுதுங்கள். மீதிப் பட்டையைத் தினசரி மாத்திரையோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.

5. வேளையும் சாப்பாடும்

தைராய்டு மாத்திரை எழுந்ததும் வெறும் வயிற்றில், தண்ணீரோடு. காபி அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து. கும்பகோணம் பக்கத்தில் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், ஆனால் காபியோடு விழுங்கினால் மருந்து முழுசாகச் சேராது. சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் 4 மணி நேரம் இடைவெளி. இரும்பு மாத்திரைக்கும் டீ, காபி ஆகாது. எலுமிச்சை ஜூஸ் நல்லது. மலம் கறுப்பாகப் போவது அந்த மாத்திரையால்தான், பயப்பட வேண்டாம். நீர் பிரிக்கும் மாத்திரை காலையில். ராத்திரி கொடுத்தால் இருட்டில் கொல்லைப்பக்கம் எழுந்து போய் விழுந்து இடுப்பெலும்பு முறியும். அசிட்ரோம் போன்ற ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுபவர் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரத்துக்கு எவ்வளவு சாப்பிடுகிறாரோ அதே அளவில் சாப்பிட்டு வந்தால் போதும். ஒரு வாரம் கீரையே இல்லாமல், அடுத்த வாரம் தினமும் என்று போனால்தான் ரத்தப் பரிசோதனை எண் ஏறி இறங்கும்.

சுகர் மாத்திரையில்தான் இந்த மண்ணுக்கே உரிய ஒரு சிக்கல். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கினால் பெண்கள் விடியும் முன்னே வயலுக்குப் போகிறார்கள். வீட்டில் ஒரு டம்ளர் காபி, அதோடு கிளிமெபிரைடு மாத்திரை. சாப்பாடு கரையேறிய பிறகு, பத்து மணிக்கு மேல். மாத்திரை சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும், குனிந்து நடும் உழைப்பும் இறக்கும். கை நடுக்கம், குப்பென்று வியர்வை, கண் இருட்டு. சேற்றில் நிற்பவருக்கு வியர்ப்பதை யார் கவனிப்பார்கள்? வெயில் என்றே நினைப்பார்கள். சாப்பாடு எப்போதோ, கிளிமெபிரைடும் இன்சுலினும் அப்போதுதான். வேலைக்குப் போகும் நாள்களில் வேளையை எப்படி மாற்றுவது என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கிருத்திகை, ஏகாதசி விரதத்துக்கும், நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம் பக்கம் ரமலான் நோன்புக்கும், ஆகஸ்ட் கடைசியில் வேளாங்கண்ணிக்கு நடந்து போவதற்கும் இதே பேச்சுதான். விரதம் இருக்காதே என்று சொல்வது என் வேலை இல்லை. விரதத்தன்று எந்த மாத்திரை, எவ்வளவு என்பதை ஒரு வாரம் முன்பே எழுதி வாங்குங்கள்.

சர்க்கரை இறங்கிய அறிகுறி தெரிந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரம் பொறுத்து மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழேயே நின்றால் மறுபடி அதே அளவு. தெளிந்ததும் சாப்பாடு. நினைவில்லாமல் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். கிளிமெபிரைடு மாதிரி மாத்திரையால் இறங்கியது என்றால் தெளிந்த பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மருந்து உடம்பில் இன்னும் இருக்கும்; மணிக்கணக்கு கழித்து மறுபடி இறக்கும்.

6. இன்சுலின்: மூடியின் நிறத்தைப் பாருங்கள்

வீட்டு மருந்துகளில் அளவுத் தவறு சீக்கிரம் ஆளைச் சாய்ப்பது இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் 100 யூனிட். 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதற்கு ஆரஞ்சு மூடி. பேனா ஊசி தீர்ந்துபோனது என்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால், உள்ளே போவது 20 யூனிட் இல்லை, 50. தலைகீழாக, 40 குப்பி மருந்தை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 8 யூனிட்தான் போகும். குப்பியில் அச்சிட்ட எண்ணும் சிரிஞ்சில் அச்சிட்ட எண்ணும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுப் பெட்டி பிரிக்கும்போதும் பாருங்கள்.

கலங்கலாக இருக்கும் 30/70 வகையை உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துப் பத்துத் தடவை மெதுவாக உருட்ட வேண்டும். டானிக் மாதிரி குலுக்கக் கூடாது. போட்டு அரை மணிக்குள் சாப்பாடு, அதுவும் தட்டில் சோறு தயாராக இருந்தால் மட்டும் ஊசி. 'உலை கொதிக்குது, நீங்க போட்டுக்கங்க' என்பது ஆபத்தான வாக்கியம். ஊசி போடும் இடத்தைத் தினம் மாற்றுங்கள். ஒரே இடத்தில் போட்டால் கட்டி விழும், அங்கே மருந்து ஒழுங்காகச் சேராது.

பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜில், 2 முதல் 8 டிகிரியில். ஃபிரீசரில் வைத்து உறைந்துவிட்டால் உருக்கிப் போடக் கூடாது, வீண்தான். பிரித்தது, பெரும்பாலான வகைகளில், நிழலில் 4 வாரம் தாங்கும். திறந்த தேதியை லேபிளில் எழுதுங்கள். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கத்தில் கஜா கரையைக் கடந்த பிறகு பல கிராமங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கும் கரண்ட் போன நாள்களுக்கும் மண்பானைதான் வழி. பெரிய பானையில் மணலைப் போட்டு நனைத்து, அதற்குள் சின்னப் பானை, அதற்குள் தண்ணீர் புகாத டப்பாவில் குப்பி, மேலே ஈரத்துணி. அறையின் சூட்டைவிடச் சில டிகிரி குறையும். தஞ்சாவூர்ப் பக்கத்து வறண்ட கோடையில் நன்றாக வேலை செய்யும், நாகப்பட்டினக் கரையோரப் புழுக்கத்தில் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாததால் அவ்வளவு குளிராது.

7. உடைப்பது, நசுக்குவது, குழாய் வழியாகக் கொடுப்பது

பக்கவாதம் வந்து மூக்கில் குழாயோடு வீட்டுக்கு வருபவர்கள் இப்போது நிறைய. மாத்திரை எல்லாவற்றையும் உரலில் போட்டு ஒன்றாக இடித்துக் கஞ்சியில் கலக்கி ஊற்றுவதுதான் வழக்கமாக நடக்கிறது. இதில் மூன்று தப்பு. எஸ்ஆர், எக்ஸ்எல் மாத்திரையை நசுக்கினால் ஒரு நாள் முழுக்கச் சேர வேண்டியது ஒரே மூச்சில் சேரும். வயிற்றைக் காக்க மேல்பூச்சுப் போட்ட ஆஸ்பிரின் போன்றவை பூச்சை இழக்கும். கஞ்சியில் கலந்தால் குழாய் அடைக்கும், பாதி மருந்து கிண்ணத்திலேயே நிற்கும். குழாய் போட்ட அன்றைக்கே பட்டியலை டாக்டரிடம் காட்டி, நசுக்கக் கூடாதவற்றுக்குப் பதிலாக வேறு வடிவம் கேளுங்கள்.

கொடுக்கும் முறை: தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, ஏறக்குறையச் சாய்ந்து உட்காரும் நிலை. மூக்கருகே குழாயில் போட்ட அடையாளம் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் எதையும் ஊற்றாமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். முதலில் சுமார் 30 மி.லி. ஆறிய வெந்நீர். அப்புறம் ஒவ்வொரு மாத்திரையாகத் தனித்தனியே பொடித்து, தண்ணீரில் கரைத்து, நடுநடுவே கொஞ்சம் தண்ணீர். முடிந்ததும் மறுபடி 30 மி.லி. தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லியிருக்கும் இதய, சிறுநீரக நோயாளிகளுக்கு இந்த அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இருமினால், மூச்சுத் திணறினால் நிறுத்திவிடுங்கள். முடித்து ஒரு மணி நேரம் வரை படுக்கையைத் தாழ்த்தாதீர்கள்.

8. வீட்டில் குழந்தையும் இருந்தால்

பாராசிட்டமால் சொட்டு மருந்து ஒரு மி.லி.யில் 100 மி.கி. சிரப் 5 மி.லி.யில் 125 அல்லது 250 மி.கி. சொட்டு மருந்தை சிரப் என்று நினைத்து 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போகும். 10 கிலோ குழந்தைக்கு ஒரு தடவைக்கு 100 முதல் 150 மி.கி. வரைதான். சங்கிலும் பாலாடையிலும் பால் புகட்டலாம், மருந்தை அளக்க முடியாது. பாட்டிலோடு வரும் மூடி அல்லது சிரிஞ்ச்தான் அளவு. அடுத்த தடவைக்குக் குறைந்தது 4 மணி நேரம், நாளுக்கு 4 தடவைக்கு மேல் கூடாது. மூன்று மாதத்துக்குக் கீழே காய்ச்சல் என்றால் மருந்து தேடாமல் நேராக ஆஸ்பத்திரி.

இருமல் சிரப்பை நீங்களாக வாங்காதீர்கள். 2025-ல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராப் பக்கம் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தது டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் சிரப்பால். அது தயாரானது நம் தமிழ்நாட்டில்.

9. வைக்கும் இடம்

சமையலறை ஜன்னல், டிவி மேல், சைக்கிள் பை வேண்டாம். பூச்சி மருந்து இருக்கும் அலமாரியில் கண்டிப்பாக வேண்டாம், டானிக் பாட்டிலில் பூச்சி மருந்தை ஊற்றி வைப்பதும், டானிக் மூடியால் அதை அளப்பதும் இன்றோடு நிற்கட்டும். வெள்ளத் தண்ணீரில் நனைந்த மாத்திரையைக் காயவைத்துச் சாப்பிடக் கூடாது. கண் சொட்டு மருந்தைத் திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கிப்போடுங்கள். தண்ணீர் கலந்து வைக்கும் ஆண்டிபயாடிக் சிரப் பெரும்பாலும் ஒரு வாரம்தான். பயன்படுத்திய ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு ஒப்படையுங்கள். குப்பை அள்ளுபவர் கையில் குத்தும்.

10. மறந்தால், மாறினால், ஒத்துக்கொள்ளாவிட்டால்

ஒரு வேளை மறந்தால் ஞாபகம் வந்ததும் கொடுக்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. இன்சுலின், வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை மறந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேறொருவர் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பட்டையோடு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருமகளைத் திட்டுவதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். திட்டுக்குப் பயந்து மறைத்தால்தான் மணி நேரங்கள் வீணாகும்.

வார்டில் இருக்கும்போது ஊசி போட வருபவர் பெயர் கேட்காமல் போட வந்தால், 'சிஸ்டர், இது யாருக்கு, என்ன ஊசி' என்று நீங்கள் கேளுங்கள். ஒரே வார்டில் இரண்டு ராஜேந்திரன் படுத்திருப்பது நம் ஊரில் அதிசயமில்லை. நல்ல நர்ஸ் யாரும் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்; சரியான ஆள், மருந்து, அளவு, வழி, நேரம் என்ற ஐந்தையும் சரிபார்க்கத்தான் அவர்களுக்கே பாடம் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

மாத்திரை தொடங்கிய பிறகு உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் வந்தால் 108. அவ்வளவு அவசரம் இல்லாத, ஆனால் புதிதாகத் தெரியும் பக்கவிளைவை டாக்டரிடம் சொல்வதோடு, 2010-லிருந்து நடக்கும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024-இலும் பொதுமக்களே தெரிவிக்கலாம். மருந்தின் பெயர், பேட்ச் எண், தொடங்கிய தேதி, என்ன ஆனது, எப்போது ஆனது, கூடச் சாப்பிடும் மற்ற மருந்துகள் என்று கேட்பார்கள். பேட்ச் எண் பட்டையில் இருக்கும், மற்றதைப் பட்டியலைப் பார்த்துச் சொல்லிவிடலாம்.